நான் புருஷனாக நடித்த நாடகம்

நடிக்கத் தெரியாதவர்களை மேடையேற்றினால் ஓர் ஆபத்து உண்டு. தமக்குத் தெரிந்த ஆளை அப்படியே கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள்.

தென்காசியில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில் எனக்குப் புருஷன் வேஷம். (வகுப்பில் நான்தான் உயரம். வேறு தகுதி கிடையாது.) பொறுமையான மனைவியின் பெருமையைச் சொல்ல மேரி டீச்சர் எழுதிய சின்ன நாடகம். எனக்கு ஒரே வசனம்: "நண்பர்கள் வந்திருக்கிறார்கள், உணவு பரிமாறு." மகா நடிகை என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு அது போதவில்லை.

எங்கள் வீடு மேலகரத்தில். சாரல் காலத்தில் தன் பாத்திரக்கடைக்கு வரும் வெளியூர்க்காரர்களை அப்பா குற்றாலத்தில் குளிக்க வைத்து, அப்படியே வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார். எத்தனை பேர் என்பது வாசலில் செருப்பை எண்ணித்தான் அம்மாவுக்குத் தெரியும்.

விழா அன்று மேடையில், கண்மையில் வரைந்த மீசையோடு, தோளில் துண்டைப் போட்டுக் கனைத்தேன். "ஏட்டி, அருவியில குளிச்சிட்டு எட்டுப் பேரு வாராவ. எலையப் போடு. பெருசா ஒண்ணும் வேண்டாம், வடை பாயாசம் போதும்."

"தங்கள் சித்தம் என் பாக்கியம்," என்றாள் மனைவியாக நடித்த கோமதி.

தாய்மார்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. "இது நம்ம பாத்திரக்கடை அண்ணாச்சில்லா," என்றது ஒரு குரல். அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். என் மீசை வியர்வையில் தாடியாகிக்கொண்டிருந்தது.

முன்வரிசையில் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தார். வேறு யாரையோ சொல்வதாக நினைப்பு. பரிசுக்குத் தன் கடைப் பாத்திரங்களைத் தந்திருந்ததால், அவற்றைக் கொடுக்க மேடையேறியவரும் அவர்தான். "இப்படியும் ஆம்பளையள் இருக்கத்தான் செய்யுதாவ. பொம்பளையளும் மனுசங்கதான," என்று பேசினார். கைதட்டல். அத்தோடு இறங்கியிருக்கலாம்.

"டீச்சர்மாரு எல்லாரும் நாளைக்கு அருவியில குளிச்சிட்டு நேரே நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்திரணும். பெருசா ஒண்ணுமில்ல, வடை பாயாசம்தான்."

பந்தலே அதிர்ந்தது. அப்பா என் துண்டைப் பார்த்தார். தன் துண்டைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

குதிரைவண்டியில் ஏறியதும் அப்பா தன் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். படிப்பு இன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன். வாசலில் இறங்கியதும் அம்மாவிடம் கேட்டார்: "டீச்சர்மாரு எத்தன பேரு இருப்பாவ?"

"கூப்பிட்டது நீங்கதான," என்றாள் அம்மா.

மறுநாள் கடையைத் திறக்காமல் அப்பாவே வடை சுட்டார். (அதை வடை என்று டீச்சர்கள் மரியாதைக்காக ஒப்புக்கொண்டார்கள்.) என் படிப்பும் தொடர்ந்தது.

ஆனால் சில வருஷம் கழித்து, என்னைப் பெண் பார்க்க வந்தவரைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார்: "பொண்ணு தங்கமானவ. ஆனா அவ முன்னால கொஞ்சம் பாத்து நடந்துக்கிடுங்க தம்பி. நடிச்சுக் காட்டிருவா."

என் வீட்டுக்காரர் இந்தக் கதையைச் சொல்லாத விருந்து எங்கள் வீட்டில் இதுவரை நடந்ததில்லை. விருந்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று முதலில் என்னிடம் கேட்டுக்கொள்வார்.