மூன்று பிக்கோ அம்பியர்

வட்டுக்கோட்டைக்குப் போகிற வழியில் இருந்த நுண்மின்னோட்ட அளவீட்டுக் கூடத்தின் தலையாய கடமை, ஒன்றும் ஓடாத இடத்தில் ஒன்றும் ஓடவில்லை என்று அரசாங்கத்துக்கு உறுதிப்படுத்துவது. கூடத்து மின்மானியில் எதையும் கொழுவாவிட்டால் அது பூச்சியம் காட்ட வேண்டும். அது மூன்று பிக்கோ அம்பியர் காட்டியது. ஓர் அம்பியரைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை இலட்சம் பங்காக்கினால் வருவது ஒரு பிக்கோ. நுளம்புக்கும் உறைக்காது. தியாகலிங்கத்துக்கு உறைத்தது.

அவர் பதினான்கு வருடத் தற்காலிக ஊழியர். கொழும்பிலிருந்து வரும் பரிசோதகர் பூச்சியத்தைக் கண்டால் நிரந்தர நியமனம், காணாவிட்டால் வீடு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பழைய கையேடுகளைத் தானே வாசித்து மின்னைப் பிடித்த மனிசன். ஆகவே பிழை வேறு ஆரிலோதான் இருந்தாக வேண்டும்.

முதலில் மின்விசிறியை நிறுத்தினார். பிறகு கைபேசிகளை வாசலில் வாங்கி வைத்தார். கேபிள் அசைந்தாலே மின் பிறக்கும் என்று எல்லோரையும் வெறுங்காலில் பூனை மாதிரி நடக்க வைத்தார். எழுதுவினைஞர் பியாட்றிஸின் நைலோன் சீலையே மூலகாரணம் என்று பதினொரு பக்க அறிக்கை போனது. அவள் பருத்திக்கு மாறினாள். மூன்று மாறவில்லை.

ஈற்றில் பணிப்பாளர் சண்முகநாதன் சுற்றறிக்கை விட்டார்: "சகல வாசிப்புகளிலிருந்தும் மூன்றைக் கழித்தல் வேண்டும். இத்தால் பிழை நீங்கியதாகக் கொள்ளப்படும்."

பரிசோதனைக்கு முந்தின நாள் தூசு தட்ட வந்த பியாட்றிஸ், மானிக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோனாள்.

"அண்ணை, உந்த வெள்ளை வளையத்திலை மஞ்சளாய்க் காய்ஞ்சு கிடக்கிறது என்ன?"

மின் கசியாமல் காக்கிற காவலி அது. சரஸ்வதி பூசையன்று கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தபோது, இருப்பதிலேயே சுத்தமான இடம் என்று தியாகலிங்கமே அதில் சந்தனத்தை அப்பியிருந்தார். சந்தனம் காற்றின் ஈரத்தைக் குடிக்க, விரல் வியர்வையின் உப்பு வழிகாட்ட, மின் இத்தனை மாதமும் அதன் மேலாலே ஊர்ந்திருக்கிறது.

"என்ரை சீலையிட்டை ஒருக்கால் மன்னிப்புக் கேளுங்கோ," என்றாள் பியாட்றிஸ்.

ஸ்பிரிட்டால் துடைத்தார். மானி பூச்சியத்தில் வந்து நின்றது. கண் கலங்க ஓடிப்போய்ப் பணிப்பாளரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

பணிப்பாளர் பேனையை மூடினார். "பூச்சியத்திலை மூண்டைக் கழிச்சால்?"

"சய மூண்டு, சேர். பூச்சியத்துக்கும் கீழை."

"அப்ப பிழை இப்பதான் வந்திருக்கு."

சுற்றறிக்கையை மீளப்பெறலாமே என்று தியாகலிங்கம் இழுத்தார். அதற்கு உபகுழு வேண்டும், உபகுழுவை அமைக்க இன்னொரு குழு வேண்டும் என்று விளக்கம் கிடைத்தது.

"நாளைக்கு ஆள் வருகுது. உமக்கு வேலை வேணுமோ, உண்மை வேணுமோ?"

தியாகலிங்கம் சந்தனம் அரைத்தார். முதல் பொட்டு ஐந்து காட்டியது. துடைத்துவிட்டு வைத்தது இரண்டு. பின்னேரம் வரை மல்லுக்கட்டி, தன் சேவைக்காலத்தில் பிழையில்லாமல் செய்த முதல் வேலையாக, சரியாக மூன்று பிக்கோ பிழையை உண்டாக்கி முடித்தார்.

மறுநாள் பரிசோதகர் நிர்மலன் வாசித்தார், மூன்றைக் கழித்தார், ஒப்பமிட்டார். நிரந்தர நியமனத்துக்குச் சிபாரிசும் எழுதிக் கையில் கொடுத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு மானிக்கு மேல் குனிந்தார்.

"தனிச் சந்தனமோ? எங்கடை தலைமைக் கூடத்திலை குங்குமமும் சேர்த்து. ஏழு கழிக்கிறம்."

ஏழு! பதினான்கு வருடம் காத்துக் கிடந்து வாங்கிய கடிதத்தைப் பிடித்தபடி, தன்னுடைய பிழை இவ்வளவு சின்னதாய்ப் போய்விட்டதே என்று தியாகலிங்கம் கூசிப்போய் நின்றார்.