டின் சாருக்கு மாசியில் வரும் தலைவலி

விருத்தாசலத்தில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள், ரயில் மாறுவதற்காக ஜங்ஷனில் இறங்கியவர்கள் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினாலும், சொந்தத் தலைவலியை டின் சார் அளவுக்கு ஆராய்ச்சி செய்த இன்னொரு ஆள் கிடைக்க மாட்டார்.

பி.காம். முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்த பீங்கான் கம்பெனியில் அவர்தான் மேனேஜர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. மீட்டர் பலகையில் இருக்குமே, வெள்ளை பியூஸ் கட்டை, அதுதான் எங்கள் சரக்கு. சார் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கிற குடும்பம், சுத்த சைவம். பதினோரு மாதமும் அவரைப் போல சாந்தமான மனிதர் கிடையாது. மாசி பிறந்தால் போச்சு. மாசி மகத்துக்குக் கோயிலில் கொடி ஏறும்போது அவருக்குத் தலைவலியும் ஏறிவிடும்.

அது நம் வீடுகளில் வருகிற தலைவலி மாதிரி இல்லை. தினமும் மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிய கொஞ்ச நேரத்தில், சொல்லி வைத்தாற்போல வரும். வலது கண்ணுக்குப் பின்னால் மட்டும்தான். அந்த ஒரு கண் மட்டும் சிவந்து தண்ணீராகக் கொட்டும். அந்தப் பக்கத்து மூக்கு மட்டும் ஒழுகும். இடது பக்கம் எதுவுமே நடக்காத மாதிரி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். தலைவலி வந்தால் மனிதர்கள் படுப்பார்கள். இவரால் உட்காரக்கூட முடியாது. எழுந்து போய் சூளையைச் சுற்றிச் சுற்றி நடப்பார். ஒரு மணி நேரம் கழித்து, வலி வந்தது போலவே போய்விடும். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்குவார்.

பீங்கானுக்குப் பளபளப்பு பூசுகிற கிளேஸ் பிரிவில் இருந்த கனகா அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு, சூளைக்கு ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கல்யாணமாகிக் குழந்தை இல்லாதவர். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவரும் பின்னாலேயே நடக்க ஆரம்பித்துவிட்டார். சார் வலியில் திரும்பிப் பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள்தான் யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். அக்காவுக்கு வருத்தம்தான். ஆனால் அடுத்த வருஷமே அவருக்குப் பிள்ளை பிறந்ததால், சூளையைச் சுற்றியது வீண் என்று கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை.

சார் பார்க்காத டாக்டர் இல்லை. கண்ணில் தண்ணீர் வருகிறதே என்று கண் டாக்டர் கண்ணாடி கொடுத்தார். மூக்கு ஒழுகுகிறதே என்று இன்னொருவர் சைனஸ் என்றார். பல் டாக்டர் இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி கொஞ்சமும் கோபித்துக்கொள்ளாமல் மறுநாள் அதே நேரத்துக்கு வந்தது. ஒவ்வொரு வைத்தியமும் ஒரு மாதத்தில் பலித்துவிடும் என்பதுதான் வேடிக்கை. பங்குனி வந்தால் அது தானாகவே போய்விடும். எந்த மருந்தில் போயிற்று என்று சார் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் மங்கலம்பேட்டையில் அந்தச் சம்பவம் நடந்தது. அங்கே எலக்ட்ரிக் கடை வைத்திருந்த பஷீர் பாய், எங்களுக்குப் பழைய வாடிக்கையாளர். பியூஸ் கட்டைகளில் கீறல் இருக்கிறது என்று அவர் கூப்பிட, சார் போயிருந்தார். கடையிலேயே வலி வந்துவிட்டது. கண்ணைப் பொத்திக்கொண்டு கடைக்குள் அங்கும் இங்கும் நடந்த மனிதரைப் பார்த்து பாய் பயந்துபோய், குளிர்ச்சியாக எதையாவது குடிக்கட்டும் என்று ஃப்ரிட்ஜைத் திறந்து கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தார். ஒல்லியான ஒரு டின். குவைத்திலிருந்து லீவில் வந்த பாயின் தம்பி ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தான். தூக்கம் வராமல் இருக்க அங்கே டிரைவர்கள் குடிக்கிற பானமாம். சார் ஒரே மூச்சில் குடித்தார். இருமல் மருந்தில் சோடா ஊற்றிய மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். ஆனால் ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குள் வலி இறங்க ஆரம்பித்துவிட்டது. கடை நடுவில் அப்படியே நின்று, வலது கண்ணைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாராம்.

வேறொருவராக இருந்தால் சந்தோஷப்பட்டுவிட்டுப் போயிருப்பார். சாருக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். குளிர்ச்சியா, சர்க்கரையா, சோடா கேஸா, இல்லை அந்த டின்னா? அந்த மாசி முழுக்க எங்கள் ஆபீஸ் ஆராய்ச்சிக்கூடமாகிவிட்டது. ஒரு நாள் ஐஸ் தண்ணீர் குடித்துவிட்டு நடந்தார். பலன் இல்லை. ஒரு நாள் சர்க்கரைத் தண்ணீர், ஒரு நாள் கோலி சோடா. ஏப்பம்தான் வந்தது. பஸ் ஸ்டாண்டு கடையிலிருந்து கெட்டி டிகாஷன் வாங்கி ஆற்றிக் குடித்தபோது மட்டும் பாதி பலன் தெரிந்தது. டின்னுக்குத்தான் முழுப் பலன், அதுவும் வலி தலைகாட்டியவுடனே குடித்தால். கொஞ்சம் தாமதித்தாலும் பிரயோஜனமில்லை. அந்த வருஷம்தான் அவருக்கு இந்தப் பெயர் வந்தது.

டின்னில் எழுதியிருந்ததை லென்ஸ் வைத்துப் படித்ததில் காபியில் இருக்கிற காஃபீன் அகப்பட்டது. கூடவே டாரின் என்று ஒன்று. ஸ்கூலில் கெமிஸ்ட்ரி எடுக்கிற நண்பரைக் கேட்டார். முதன்முதலில் அதைக் காளை மாட்டிலிருந்து எடுத்ததால், லத்தீனில் காளையைக் குறிக்கிற அந்தப் பெயர் என்றும், இப்போது ஃபாக்டரியிலேயே தயாரிக்கிறார்கள் என்றும் அவர் சொன்னார். சுத்த சைவக்காரர் அன்று டின்னைத் தொடவில்லை. சூளையைத்தான் சுற்றினார். மறுநாள் முகம் தெளிந்து வந்தார்.

"எங்க ஊர் பெருமாளே வராகமா வந்தவரு. ஒரு காளைமாட்டுப் பேருக்கா கோவிச்சுக்கப் போறாரு?" என்றபடி டின்னை உடைத்தார்.

மேனேஜர் பட்டப்பகலில் பீர் குடிக்கிறார் என்று யாரோ முதலாளியிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். முதலாளி கூப்பிட்டு விசாரித்தபோது சார் வாதாடவில்லை. ஒரு டின்னைத் திறந்து டம்ளரில் ஊற்றி வைத்தார். தினமும் சாப்பிட்டதும் நாற்காலியிலேயே தூங்குகிற முதலாளி, அன்று தூங்கவில்லை. சூளை, அச்சுப் பிரிவு, கோடவுன், கக்கூஸ் வரை ஒன்று விடாமல் சுற்றிப் பார்த்து எல்லாரையும் வேலை வாங்கினார். சாயங்காலம் ஆட்கள் கூட்டமாக வந்து, இனிமேல் முதலாளிக்கு மட்டும் அதைக் கொடுத்துவிடாதீர்கள் என்று சாரைக் கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த மாசியில் வலி அதிகமாகவே வந்தது. பாயின் தம்பி குவைத்துக்குத் திரும்பியிருந்தான். பெட்டி காலி. பக்கத்து ஊர்க் கடைகளில் அப்போது அந்தச் சரக்கு கிடையாது. மங்கலம்பேட்டையிலேயே இருக்கிற தன் தங்கை வீட்டில் இருந்தாலும் இருக்கும், அவளுடைய வீட்டுக்காரரும் குவைத்தில்தான் என்று பாய் சொன்னார். பெண்பிள்ளை தனியாக இருக்கிற வீட்டில் போய் நிற்பது நன்றாக இருக்காது என்று சார் பெண் துணையாக என்னையும் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கண் சிவந்துவிட்டது.

அந்த அக்கா எங்களை உட்காரச் சொன்னார். சார் உட்காரவில்லை. நடக்க அங்கே சூளை இல்லாததால் ஹாலையே சுற்றினார். பிறகு சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். அவரிடமிருந்து ஒரு முனகல் வந்தது. அந்தச் சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆபீஸில் அவர் ஏன் அவ்வளவு தூரம் தள்ளிப் போய் நடந்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

ஃப்ரிட்ஜில் எதுவும் இல்லை. அக்கா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ஹாலில் இருந்த கண்ணாடி ஷோகேஸைத் திறந்தார். உள்ளே செண்ட் பாட்டில், பொம்மை ஒட்டகம், பூப்போட்ட கிளாஸ்கள், நடுவில் அதே ஒல்லி டின். எடுத்து முந்தானையால் தூசியைத் துடைத்துக் கொடுத்தார். சார் வாங்கியவர், அந்த நிலையிலும் அடியில் தேதியைப் பார்த்தார். காலாவதியாகி வெகு நாளாகியிருந்தது. "பரவாயில்ல" என்று குடித்தார்.

வலி இறங்கியதும் சார் முதல் வேலையாகக் காலி டின்னை எடுத்துப் போய்க் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்தார். திறந்த வாய் தெரிந்தது. திருப்பி வைத்துப் பார்த்தார். அப்போதும் தெரிந்தது.

அக்கா அவர் கையைப் பார்த்தார். அது இன்னும் டின்னைத் திருப்பிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அது எங்க வூட்டுக்காரரு மொத லீவுல கொண்டாந்தது. அழகா இருக்குதுன்னு குடிக்காம வச்சிருந்தேன். இப்ப நீங்க குடிச்சிட்டீங்க, சந்தோசம். ஆனா நாளைக்கு வலிச்சா குடுக்க எங்கிட்ட வேற இல்லீங்க. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரில நல்ல டாக்டருங்க இருக்காங்க. போயிட்டு வாங்க."

சார் தலையை ஆட்டினார். ஆனால் உடனே போகவில்லை. கம்பெனியில் அச்சுப் பிரிவில் உட்கார்ந்து, ஒரு காலி டின்னை வைத்து அச்சு எடுத்து, பீங்கானில் அதே அளவில் ஒன்று வார்த்தார். நிறத்துக்காகக் கனகா அக்காவைப் படாத பாடு படுத்தினார். சூளையிலிருந்து வந்ததைப் பஞ்சில் சுற்றி, மங்கலம்பேட்டைக்குக் கொண்டுபோய் ஷோகேஸில் வைத்துவிட்டு, அங்கிருந்தே பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினார்.

அங்கே ஒரு இளவயது டாக்டரம்மா, சார் சொன்னதை ஆரம்பத்திலிருந்து கேட்டிருக்கிறார். பையிலிருந்து எடுத்துக் காட்டிய காலி டின்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இதற்கு கிளஸ்டர் தலைவலி என்று பெயர், கொத்தாகச் சில வாரம் வந்துவிட்டுப் போகும் என்று சொல்லியிருக்கிறார். இந்தப் பானத்தை ஆரம்பத்திலேயே குடித்தால் குறைகிறது என்று வேறு சிலரும் சொல்வதுண்டாம். ஆனால் தினமும் இதையே நம்பினால் தூக்கமும் இருதயமும் கெட்டுப்போகும் என்றாராம். பேசிக்கொண்டிருக்கும்போதே வலி வந்திருக்கிறது. முகத்தில் மாஸ்க்கை மாட்டி ஆக்சிஜனைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தது நான்.

"போயிடுச்சும்மா" என்றார் சார். "வெறும் காத்தும்மா. சர்க்கரை இல்ல, கேஸ் இல்ல, காளைமாடு இல்ல. எப்படிப் போவுதுன்னுதான் புரியல. டாக்டரம்மாகிட்ட கேட்டிருக்கேன், சொல்றேன்னாங்க."

வீட்டுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். இனிமேல்தான் சொல்ல வேண்டும் என்றார். நான் போனை வைத்துவிட்டு அங்கிருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். கனகா அக்கா கிளேஸ் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதலாளி எல்லாருக்கும் டீ சொல்லியனுப்பினார். சாருக்கு வலித்த நாளிலெல்லாம் எங்களுக்கும் எங்கேயோ வலித்துக்கொண்டிருந்திருக்கிறது என்பது, அந்த டீயைக் குடிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.