கால்வாய்க்குப் போன இறால்

"ஐயையோ! இதைப் போயா கல்யாணப் படத்துல வரைஞ்சே?"

வாத்தியார் வூட்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பார்த்து வரைய மேசைமேல் வைத்திருந்த, சிவக்க வெந்த சிங்கி இறாலையும் படத்தில் இருந்த இறாலையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஓவியன் யோரிஸ் தூரிகையைக் கீழே வைத்தான். "இறாலுக்கு என்னங்கய்யா?"

"பின்பக்கமா நடக்கிற ஜந்து அது. குடும்பமும் பின்னால போகும்னு அர்த்தம்."

யோரிஸ் ஏற்கெனவே சூடுபட்டவன். போன வருஷம் ஒரு நிச்சயதார்த்தப் படத்தில் அழகுக்கு ஓர் அணைந்த மெழுகுவத்தியை வரைந்துவிட்டான். அணைந்த மெழுகுவத்தி என்றால் சாவு என்பது ஹாலந்தின் ஹார்லெம் ஊரில் பால்காரிக்குக்கூடத் தெரியும், வரைந்தவனுக்குத்தான் தெரியவில்லை. படம் திரும்பி வந்தது, ஊர் சிரித்தது. அதற்கப்புறம் அவனை நம்பி வந்தவள் பீர் ஆலைக்காரி அலைடா ஒருத்திதான். மகள் கல்யாணத்துக்கு ஒரு விருந்து மேசைப் படம் கேட்டிருந்தாள். இதுவும் திரும்பி வந்தால் தூரிகையைத் தூக்கிப்போட்டுவிட்டு மாமனாரோடு மீனுக்கு உப்புப் போடப் போக வேண்டியதுதான்.

தெய்வம்போல வந்து சேர்ந்தார் வூட்டர். லத்தீன் பள்ளிக்கூட வாத்தியார், படங்களின் மறைபொருளைக் கரைத்துக் குடித்தவர். பள்ளிக்கூட நேரத்தில்கூட ஊரின் மறுகோடியிலிருந்து நடந்து வந்து யோசனை சொன்னார். யாருக்கு வரும் அந்த மனசு?

"கெட்ட அர்த்தமுள்ளதை வீட்டுல வெச்சுக்கக் கூடாது. குடு, போற வழியில கால்வாயில போட்டுடறேன்" என்றார்.

இறால் துணியில் சுற்றிக்கொண்டு அவர் அங்கிக்குள் போயிற்று. யோரிஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நம்ம கெட்ட காலத்தை அவர் சுமந்துட்டுப் போறார் பாரு, ஹில்லா!"

"வெண்ணெய்க் கிண்ணத்தையும் காணோமே" என்றாள் மனைவி. "வெண்ணெயும் பின்பக்கமா நடக்குமா?"

"இறால் பட்ட வெண்ணெய்டி அது! நன்றிகெட்டதனமாப் பேசாதே."

இறாலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பன்றித் தொடை வரைந்தான்.

"பெருந்தீனி" என்றார் வாத்தியார். "அலைடாவோட சம்பந்தி இருக்கிற உடம்புக்கு, தன்னைத்தான் குத்திக்காட்டறேன்னு நினைப்பார்." தொடையும் கால்வாய்க்குப் போயிற்று.

சிப்பி வரைந்தான். வாத்தியார் ஹில்லாவை வெளியே போகச் சொல்லிவிட்டு அவன் காதில் ஏதோ சொன்னார். யோரிஸ் முகம் சிவந்துபோய்த் தானே சிப்பிகளைக் கூடையில் அள்ளிக் கொடுத்தான்.

ரொட்டியும் திராட்சை மதுவும் வைத்தான்.

"அட மடையா, இது கத்தோலிக்கர் பூசை! நம்ம புராட்டஸ்டன்ட் பாதிரியார் கண்ணுல பட்டா என்னாகும்?" மது ஜாடியோடு ரொட்டியும் கிளம்பியது.

கடைசியில் ஓர் எலுமிச்சம்பழம்.

"வெளியில பொன்னு, உள்ளே புளிப்பு. மாமியாரைச் சொல்றதா நினைப்பாங்க."

"இதையும் கொண்டுபோறீங்களா, ஐயா?"

"வேண்டாம்ப்பா. இதுல அவ்வளவு கேடு இல்ல. இங்கேயே இருக்கட்டும்."

படத்தைச் சுரண்டிச் சுரண்டித் துணி நைந்துபோயிருந்தது. விடிந்தால் கல்யாணம். அலமாரியில் எலுமிச்சம்பழத்தைத் தவிர ஒன்றுமில்லை. "இனி வைக்கறதுக்கு நான்தான் பாக்கி" என்றாள் ஹில்லா. வேறு வழியில்லாமல், மேசைமேல் இருந்ததை இருந்தபடியே வரைந்தான் யோரிஸ்: காலித் தட்டு, சாய்ந்து கிடந்த கத்தி, கசங்கிய துணி, கொஞ்சம் ரொட்டித் துணுக்கு.

வாத்தியார் படத்தைப் பார்த்தார். அலமாரியை எட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"இதுல ஒரு குறையும் இல்ல, யோரிஸ்."

மறுநாள் அலைடா படத்தின் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். யோரிஸ் மனதுக்குள் உப்புச் சாக்கைத் தோளில் ஏற்றிவிட்டான்.

"எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டு எழுந்துபோன மேசை" என்றாள் அவள். "என் வீட்டுக்காரர் இருந்தப்போ எங்க மேசை இப்படித்தான் இருக்கும். என் பொண்ணு வீட்டு மேசையும் என்னிக்கும் இப்படியே இருக்கணும்ப்பா. நீ நல்லா இருப்பே."

சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு வீட்டில் அதேபோல் காலித் தட்டுப் படம் கேட்டார்கள். யோரிஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லாம் அந்த மகானால் வந்தது. கொழுத்த வாத்து ஒன்றை வாங்கிக்கொண்டு ஊரின் மறுகோடிக்கு ஓடினான்.

கதவைத் திறந்தவள் வாத்தியார் மனைவி. அவள் பின்னால் கன்னம் உப்பிய பிள்ளைகள் வரிசையாக எட்டிப் பார்த்தன. ஜன்னலோரத்தில் ஹில்லாவின் வெண்ணெய்க் கிண்ணம் மாதிரியே ஒரு கிண்ணம் இருந்தது.

"அம்மா, நான் ஓவியன் யோரிஸ். உங்க வீட்டுக்காரர் செஞ்ச உதவியை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்."

"ஐயா, நாங்கதான் உங்களை மறக்கக் கூடாது! உங்க புண்ணியத்துலதான் பிள்ளைங்க பட்டினி இல்லாம இருக்கு" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டவள் சட்டென்று நிறுத்தினாள். "என்ன சொன்னீங்க, ஓவியரா? பள்ளிக்கூட வேலை போனதும் யோரிஸ்னு ஒரு சத்திரக்காரர்கிட்ட ருசி பார்க்கிற வேலை கிடைச்சிருக்குன்னுல்ல அவர் எங்ககிட்டச் சொன்னார்!"