காதால் படம் பார்த்த சவுண்டு

மயிலாப்பூரில் படத்தைக் காதால் பார்த்த ஒரே மனிதன் சவுண்டுதான். வரைந்து முடித்ததும் நாலடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது மற்ற ஓவியர்களின் வழக்கம். சவுண்டு, படத்தில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பான். காதுமடலில் சாயம் இல்லாமல் அவனை நான் பார்த்ததில்லை. முடிவெட்டுபவரே முதலில் கேட்பது, “இன்னிக்கு காது இன்னா கலரு?”

“மச்சி, இந்த மஞ்சள் இன்னா கத்து கத்துது பாரு,” என்பான். நானும் காதை வைத்துப் பார்த்திருக்கிறேன். கேட்டதெல்லாம் கீழ்வீட்டுக் குக்கரின் விசில்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் தந்தி ஆபீஸ் குமாஸ்தாவாகிய நான், அடுத்ததில் சவுண்டு. கீழே வீட்டுக்கார மாமாவும் மாமியும். மாமா ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்றது ரயில்வேக்குத் தெரியும். மாமா இன்னும் வீட்டைக் கால அட்டவணைப்படிதான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அறைக்கு வந்த புதிதில் சவுண்டு ஒரு ராக் கோஷ்டியில் எலெக்ட்ரிக் கிதார் வாசித்தான். தோளில் புரளும் முடி, தெருவைப் பெருக்கும் பெல்பாட்டம். தி. நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷனோடு அந்த வாழ்க்கை முடிந்தது. பாட்டு உச்சத்துக்குப் போன நேரம் வயரைத் தானே பிடுங்கிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டான்.

“ஏண்டா அப்படிப் பண்ணினே?” என்று கேட்டேன்.

“எதிர்ல பந்தி நடந்துக்கினு இருந்துச்சு மச்சி. ஒரு பெரியவரு ரசம் சோத்தைக் கையில எடுத்தாரு. நான் கம்பியைத் தட்டினேன். அப்படியே இலையில திருப்பி வெச்சிட்டாரு. ஒரு மனுசனைத் துன்ன வுடாத மியூசிக் இன்னாத்துக்கு?”

மறுநாளே தூரிகை வாங்கிவிட்டான். அடையாறு முகத்துவாரத்தை வரைந்தான்: தண்ணீர் சிவப்பு, வானம் பச்சை, நடுவே ஒற்றைக் கொக்கு மட்டும் கொக்கின் நிறத்தில். கேட்டால், “அது சும்மாதானே நிக்குது, அதுக்கு இன்னா சத்தம்?” என்றான். காதை வைத்துக் கேட்டவன் முகம் சுளித்தான். படம் ஓவராக இரைகிறதாம். எங்கள் அறைகளை ஒட்டிய மொட்டைமாடிக் குழாயைத் திறந்து அதன் அடியில் படத்தைச் சாய்த்து வைத்தான்.

“வால்யூம் கொறைக்கிறேன் மச்சி.”

குறையட்டும் என்று டீ குடிக்கப் போனவன், டீக்கடை ரேடியோவில் லயித்துவிட்டான். குழாய் லயிக்கவில்லை. தண்ணீர் தளத்து விரிசல் வழியே இறங்கி, மாமியின் பரணில் இருந்த கொலுப் பொம்மைப் பெட்டியை நிரப்பியது. நவராத்திரிக்குப் பத்தே நாள்.

மாமி திட்டவில்லை. நிறம் போன கிருஷ்ணரை மடியில் வைத்துத் துடைத்தபடி, “எங்கம்மா ஆத்துலேர்ந்து வந்ததுடா இதெல்லாம்,” என்றாள், அவ்வளவுதான்.

மாமா திட்டினார். “கொலு பழையபடி இருந்தா நீ இரு. இல்லேன்னா விஜயதசமிக்கு மறுநாள் ரூமைக் காலி பண்ணிடு.”

அந்த முடிக்கும் அந்தக் கால்சட்டைக்கும் மயிலாப்பூரில் வேறு எவரும் அறை தரப்போவதில்லை. அது சவுண்டுக்கே தெரியும்.

குளித்தான். குளித்தது செய்தி. கூடத்தில் உட்கார்ந்து பொம்மை பொம்மையாகத் தீட்டினான்.

“மாமி, நரசிம்மர் இன்னா கலரு?”

“கோபமா இருப்பார்டா.”

“அது தெரியும் மாமி. கலரு?”

கிருஷ்ணருக்கு நீலம் பூசிவிட்டுக் காதை வைத்துக் கேட்டான். “இவரு இன்னும் கொஞ்சம் மெதுவாப் பேசணும்,” என்று நீலத்தை வெளிறச் செய்தான். மாமி எட்டிப் பார்த்தாள். “இப்படித்தான் இருந்தார்,” என்றாள்.

பேண்டு செட் பொம்மைகளில்தான் சிக்கல். எட்டு வாத்தியக்காரர்கள், முகம் கரைந்து எட்டும் எட்டு கத்தரிக்காய்.

“இவங்க மூஞ்சி எப்படி இருந்துச்சு மாமி?”

“பேண்டு செட்காரன் மூஞ்சியை யாருடா பார்த்தா?”

ஆகவே தனக்குத் தெரிந்த முகங்களை வரைந்தான். கொலு வைத்த முதல் மூன்று நாள் யாரும் கவனிக்கவில்லை. நாலாம் நாள் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து தாம்பூலத்துக்கு வந்த பெண்மணி கீழ்ப்படியைப் பார்த்துக் கேட்டாள்: “மாமி, மாமா எப்போ டிரம் கத்துண்டார்?”

விபூதிப் பட்டை, மூக்குக்கண்ணாடி, வயிற்றின் மேல் பெரிய டிரம். மாமாவேதான். ஊஞ்சலிலிருந்து எழுந்து வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கூடமே சுண்டல் மெல்லுவதை நிறுத்தியது.

“பழையபடின்னு சொன்னேனோ இல்லியோ? என் கையில இதை ஏண்டா குடுத்தே?”

சவுண்டு தரையைப் பார்த்தான். “நான் கிதார் வாசிக்கும்போது கீழேர்ந்து ஒட்டடைக் கொம்பால இடிப்பீங்களே மாமா.”

“நிறுத்தச் சொல்லி இடிச்சேன்.”

“தெரியும். ஆனா எங்க டிரம்மரு அப்பப்போ தாளத்தை வுட்டுடுவான். நீங்க ஒரு நாளும் வுட்டதில்ல.”

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா சிரிக்கவில்லை.

“ஒரு நாளும்?” என்று கேட்டார்.

“ஒரு நாளும், மாமா.”

மறுபடி குனிந்தார். விரலால் அளந்தார். “குச்சி குட்டையா இருக்கு. கொலு எடுத்தப்புறம் சரி பண்ணு. அடுத்த வருஷமும் இப்படி வெக்க முடியாது.”

அடுத்த வருஷம் என்ற சொல் கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து சவுண்டின் முகத்தில் உட்கார்ந்தது. மாமி அவன் கையில் சுண்டலைத் திணித்தாள்.

கூட்டம் கலைந்ததும் பேண்டு செட் முன்னால் உட்கார்ந்தேன். தபால்காரர், பால்காரர், இஸ்திரி போடுகிறவர் எல்லாரும் இருந்தார்கள். கன்னம் உப்ப டிரம்பெட் ஊதிக்கொண்டு நான்.

“நீ எங்கடா இதுல?”

“நான் இல்ல மச்சி. யாராச்சும் ஒர்த்தன் கேக்கணும்ல?”

இந்தப் பட்டணத்தில் எனக்கென்று ஒருவரும் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. சவுண்டு என்னைச் சுற்றி ஏழு பேரை நிறுத்தியிருந்தான்.