பூக்கை ஐயா பறித்த கட்டி

பூக்கை ஐயாவைப் பழித்துரைக்கும் எண்ணம் எனக்கு அணுவளவும் இல்லை. கத்தியின்றி, இரத்தமின்றி, உடுத்திய ஆடையைக்கூட விலக்காமல், துணியின் மேலிருந்தே புற்றுக்கட்டியைப் பூப்பறிப்பதுபோல் பறித்தெடுக்கும் ஒருவரைப் பழிக்க நான் யார்? அவரது மாடி அறைக்கான வரிசை படிக்கட்டில் தொடங்கி, சலவைக்கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தையும் விழுங்கியிருந்தது. பேருந்துக்காக நின்ற சிலர் தம்மையறியாமல் வரிசையோடு நகர்ந்து, மேலே போய், கட்டி எடுத்துக்கொண்டு திரும்பியதாகக் கேள்வி.

வரிசைக்கு ஊக்கமளிக்க மீசைக்காரர் ஒருவர் இருந்தார். ஐயா தொட்டதும் தம் கட்டி மறைந்த கதையைச் சொல்லிக் கண்கலங்குவார். திங்களன்று மறைந்தது வயிற்றுக்கட்டி, புதனன்று கழுத்துக்கட்டி. அத்தனையும் சுமந்த அந்த உடம்பைப் பாராட்டத்தான் வேண்டும்.

அன்று அவ்வரிசையில் தையற்காரி ஒருத்தி தன் தங்கையுடன் நின்றாள். அவளுக்கு மார்பில் புற்றுக்கட்டி. வியாழக்கிழமை மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை. போகமாட்டேன் என்று பிடிவாதம். தங்கைக்கோ அதே மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை.

"கட்டி கோலிக்குண்டு அளவுதானாம். அதைச் சுத்தி இருக்கிற நல்ல சதையையும் வெட்டுவாங்களாம். ஐயா கட்டியை மட்டும் எடுக்கறாருடி."

"சுத்தி இருக்கிறது நல்லதுன்னு யாரு சொன்னதுக்கா? கட்டி தனியா வளராது. பக்கத்து ரத்தக்குழாயை இழுத்துத் தனக்குச் சாப்பாடு கொண்டுவர வைக்கும். சுத்தியுள்ள நாரை வளைச்சு, பரவ வழி போட்டுக்கும். எதிர்க்க வந்த வெள்ளணுவையே கையாளா வச்சுக்கும். அதனாலதான் ஓரத்தோட எடுக்கறாங்க. அந்த ஓரத்துல மை தடவிச் சீவி டாக்டருக்குக் கொடுக்கிறது என் வேலை. மை வரைக்கும் கட்டி வந்திருந்தா, உள்ளே மிச்சம் இருக்கலாம்."

அக்கா யோசித்தாள். யோசித்தபடியே வரிசையில் ஓரடி முன்னே நகர்ந்தாள்.

"சரி, முதல்ல நான் காட்டிக்கறேன். எனக்கும் கையில ஒண்ணு இருக்கு," என்றாள் தங்கை. அக்காவின் முகம் வெளுத்தது.

மேலே, பஞ்சு நிறைந்த தட்டுடன் வீற்றிருந்த ஐயா, தங்கையின் முழுக்கைச் சட்டையின் மேலேயே புயத்தை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கல்லு மாதிரி இருக்கும்மா. இன்னும் பத்து நாள் விட்டா எலும்புக்கு ஏறியிருக்கும்."

பஞ்சால் தேய்த்தார், கண் மூடினார், ஒரு சுண்டு சுண்டினார். தட்டில் செந்நிறமாக ஒன்று விழுந்தது. சுற்றிலும் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். கட்டி மட்டுமே வந்ததாகவும், சுற்றியுள்ள சதையைத் தாம் தொடவேயில்லை என்றும் ஐயா அறிவித்தார்.

தங்கை பணிவுடன் நன்றி கூறினாள். பிறகு பொத்தானைக் கழற்றிச் சட்டைக்கையை மடித்தாள். புயத்தில் ஒரு பிளாஸ்திரி. அதை உரித்தாள். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர் ஒன்று, வைத்தது வைத்தபடி இருந்தது.

"ஐயா, என் கட்டி இங்கேயே இருக்கு. தட்டுல இருக்கிறது யாரோடது?"

ஐயா தட்டைப் பஞ்சால் மூடப் பார்த்தார். அது உள்ளே இருந்த வேறு கட்டி என்று மீசைக்காரர் முட்டுக்கொடுத்தார். தங்கை தட்டை மூக்கருகே கொண்டுபோனாள்.

"கோழி ஈரல். இதுக்கு மை கூட வேண்டாம்."

வரிசையின் முன்பகுதி சிரித்தது. நடுப்பகுதி என்னவென்று விசாரித்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்ற பின்பகுதியோ, ஐயா ரப்பரையே ஈரலாக்கிவிட்டார் என்று கேள்விப்பட்டு, இன்னும் நெருக்கி நின்றது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்த ரப்பரை வாங்கி உள்ளங்கையில் வெகுநேரம் உருட்டினாள்.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"

"ஏழுக்கு."

"ஓரத்தை நல்லாச் சீவுடி."

அடுத்த வாரம் அறிக்கை வந்தது: ஓரம் சுத்தம். அதற்குள் பூக்கை ஐயாவைக் காவலர்கள் அழைத்துப் போயிருந்தனர். மீசைக்காரர் இருந்தார், பஞ்சுத் தட்டு இருந்தது, வரிசையும் கலையவில்லை. ஆகவே, மூன்றாம் நாளே அந்த மாடியில் வேறோர் ஐயா முளைத்ததில் வியப்பில்லை. வரிசையில் நிற்கும் பெருமக்கள், மேலே இருப்பவரைச் சோதிக்கும் முன், கட்டிக்குச் சுற்றுச்சதைபோல் அவருக்குச் சோறூட்டும் தங்கள் ஓரத்திலும் சற்றே மை தடவிப் பார்க்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன்.