பெயரும் பயறும்

உலகில் குடும்பப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தோற்றத்தை ஆராய ஒரு மாமன்றமும், பரவலைக் காட்ட ஒரு வரைபடமும், இரண்டையும் கட்டிக்காக்க ஒரு ரப்பர் முத்திரையும் தேவைப்படும் அளவுக்கு உயர்ந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். அது குலிபாலி. மாலி நாட்டின் சேகு நகரில் எந்தத் தெருமுனையில் நின்று ‘குலிபாலி’ என்று கூப்பிட்டாலும் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மீதிப் பேர் ‘பயறுதின்னி’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். நம் தமிழில் பெயருக்கும் பயறுக்கும் கொஞ்சம்தான் தூரம். சேகுவில் அந்தத் தூரமும் இல்லை.

இந்தச் சிரிப்புக்கு முடிவு கட்டவே எடை, அளவைத் துறையின் துணை இயக்குநர் சூமானா குலிபாலி பணி ஓய்வு பெற்றார் என்று வரலாறு ஒருநாள் எழுதும்.

அந்த ஊர் வழக்கம் அப்படி. ஒவ்வொரு குடும்பப் பெயருக்கும் எதிரே கேலி மச்சான் முறையில் இன்னொரு பெயர் இருக்கும். குலிபாலிக்குக் கெயிட்டா. கெயிட்டா என்ன சொன்னாலும் குலிபாலி கோபப்படக் கூடாது. குலிபாலி என்ன சொன்னாலும் கெயிட்டாவும் அப்படியே. ஒருவரை ஒருவர் ‘அடிமை’ என்று கூப்பிடுவதும் அந்தக் கேலியில் சேர்த்தி. அதற்கு மேல் ஒன்று உண்டு. கேலி மச்சான் வந்து ஒன்றைக் கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது. போலீஸ் தீர்க்காத சண்டையைக் கேலி மச்சான் தீர்ப்பான்.

சூமானாவுக்கு வாய்த்தவர் பக்கத்து வீட்டு ஃபாமோரி கெயிட்டா. நைஜர் ஆற்றில் இரண்டு படகு விட்டு அக்கரைக்கு ஆளேற்றுபவர். முப்பது வருஷமாகக் காலையில் துறைக்குப் போகும்போது சூமானாவின் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொள்வார்.

“பயறுதின்னி எந்திரிச்சாச்சா? தெருவெல்லாம் மணக்குதே.”

“வா அடிமையே. ராத்திரி உன் படகு முங்கலையா இன்னும்?”

இவ்வளவு பேசினால்தான் இருவருக்கும் பொழுது விடியும்.

இப்படி நாகரிகமற்று வாழ்ந்துகொண்டிருந்த சூமானாவின் கண்ணைத் திறந்தவர் தம்பி மகன் லாஜி. பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், முனைவர் பட்டம் பெற்றவர். கையோடு சுவரை மறைக்கிற வரைபடம் ஒன்று கொண்டுவந்தார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குலிபாலிக் குடியிருப்பு. மாலியில் அம்மை போட்டதுபோல் புள்ளிகள். அபிஜான், டக்கார், பாரிஸ் என்று அது நாடு தாண்டியும் கடல் தாண்டியும் தொற்றியிருந்தது. சூமானா அதை முன்னாலிருந்து பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தம் பெயர் இவ்வளவு ‘பரந்தது’ என்று அவருக்குத் தெரியாது.

வாசலில் ஃபாமோரி மூக்கைப் பொத்தியதைப் பார்த்து முனைவர் முகம் சுளித்தார். “இதையெல்லாம் எப்படிப் பெரியப்பா பொறுத்துக்கறீங்க? பாரிஸ்ல பத்து வருஷமா இருக்கேன். ஒருத்தர்கூட என்னைப் பயறுதின்னின்னு சொன்னதில்ல.”

“வேற என்ன சொல்லுவாங்க?”

“ஒண்ணுமே சொல்லமாட்டாங்க.”

முனைவர் இதைப் பெருமையாகத்தான் சொன்னார். சூமானாவுக்கும் புல்லரித்தது.

உடனே உதயமாயிற்று ‘குலிபாலிப் பெயரின் தோற்றமும் தற்காலப் பரவலும் குறித்த சர்வதேச மாமன்றம்’. தலைவர் சூமானா. முதல் அமர்வு அவர் வீட்டு மாமரத்தடியில் கூடி, தோற்றத்தை ஒரே பிற்பகலில் தோண்டி எடுத்தது. பெயரின் பொருள் ‘படகில்லாதவர்’. முன்னோர் இருவர் எதிரிக்குத் தப்பி வந்தபோது படகில்லாமல் ஒரு கெளுத்தி மீன் முதுகில் ஏறி ஆற்றைக் கடந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை.

“படகு ஏன் இல்லாமப் போச்சுங்கறதையும் பதிவு பண்ணிக்கோங்க,” என்றார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஃபாமோரி. “வித்துப் பயறு வாங்கித் தின்னுட்டாங்க. மீனு ஏன் அவ்வளவு வேகமா ஓடுச்சுங்கறீங்க? முதுகுல உக்காந்தவங்க விட்ட காத்து.”

மாமன்றம் குலுங்கிச் சிரித்தது. தலைவரும் பாதி சிரித்துவிட்டு, முனைவரின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிக்கொண்டார். அன்று மாலையே தீர்மானம் நிறைவேறியது. ‘பயறு எனும் சொல்லை மேற்படி குடும்பத்தார் முன்னிலையில் வாய்மொழியாகவோ, எழுத்து மூலமாகவோ, சைகை மூலமாகவோ, வாயு மூலமாகவோ எவரும் வெளிப்படுத்தலாகாது. கேலி மச்சான் முறை இன்றுமுதல் இரத்தாகிறது.’ முத்திரை குத்தி வாசற்சுவரில் ஒட்டினார்கள். ஈரம் காய்வதற்குள் லாஜி பாரிஸுக்கு விமானம் ஏறிவிட்டார்.

தீர்மானம் கேலியிலிருந்து முதலில் காப்பாற்றியது சூமானாவின் மகள் ஜெனெபாவின் கல்யாணத்தை.

பையன் அக்கரை சமாக்கே வீட்டுப் பிள்ளை. இருவருக்கும் பிடித்து, இரு வீட்டுக்கும் பிடித்து, நம்மூர் வெற்றிலை பாக்கு மாதிரி கோலாக் கொட்டை கொடுத்துப் பெண் கேட்பது மட்டும்தான் பாக்கி. பையனின் தகப்பன் கோனிபா விவரமான மனிதர். இல்லையென்று சொல்ல முடியாத ஆளாகப் பார்த்துத் தூது அனுப்பினார். கஞ்சி போட்டுப் பளபளக்கும் நீல அங்கியில், தலையில் கோலாக் கூடையோடு வந்து நின்றார் ஃபாமோரி.

“அக்கரையிலேருந்து வந்திருக்கேன்,” என்று எல்லாரும் கேட்கத் தொடங்கினார். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பெரிய மனசுக்காரங்க. பயறுதின்னி வீட்டுல பொண்ணெடுத்தா வீட்டுக்கு ரெண்டு ஜன்னல் கூடுதலா வைக்கணும்னு தெரிஞ்சும் கேட்டனுப்பியிருக்காங்க.”

வீடே சிரித்தது. கதவுக்குப் பின்னால் ஜெனெபா சிரித்தது தனியாகக் கேட்டது. சூமானா மட்டும் எழுந்தார். கண்ணாடியை மாட்டினார். தீர்மானத்தை முழுதாக வாசித்தார். ‘வாயு மூலமாகவோ’ என்ற இடத்தில் குரலை உயர்த்தவும் செய்தார்.

“ஆகவே இக்கோலாக் கொட்டைகள், உரிய வருத்தம் தெரிவிக்கப்படும் வரை ஒத்திவைக்கப்படுகின்றன.”

கோலாக் கொட்டையை ஒத்திவைக்க முடியாது. வாங்கினால் சம்மதம், திருப்பினால் மறுப்பு. நடுவில் கோப்பு கிடையாது. ஆயுள் முழுக்க எதையாவது ஒத்திவைத்தே பதவி உயர்வு வாங்கிய மனிதருக்கு அது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ஃபாமோரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். இதற்கு ஒரு பதில் கேலி வரும், வந்ததும் சிரித்துவிட்டு உட்காரலாம் என்று அவர் இன்னும் நம்பினார். வரவில்லை. கூடையை மூடினார்.

“மன்னிக்கணும், ஐயா.”

முப்பது வருஷத்தில் அவர் சூமானாவை ‘ஐயா’ என்றது அதுதான் முதல் தடவை. சூமானாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

மறுநாள் காலையிலிருந்து தெருவில் மரியாதை பெருக்கெடுத்தது. ஃபாமோரி வாசலில் நின்று, “மாண்புமிகு துணை இயக்குநர் ஐயா நலமா? இல்லத்தார் நலமா? இல்லத்தாரின் இல்லத்தார் நலமா?” என்று விசாரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார். சூமானாவுக்குப் பயற்று வடை என்றால் உயிர். இது மாமன்றத்துக்குத் தெரியாது. மூலையில் வடை சுடும் பெண் அவரைக் கண்டதும் கூடையைத் துணியால் மூடினாள். “ஐயா எதிர்ல அந்தச் சாமானை வெளிய எடுக்கக் கூடாதாமே. சுவத்துல போட்டிருக்கே.” தேநீர்க் கூட்டத்தில் அவர் போய் உட்கார்ந்தால் எல்லாரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு பருவமழையைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாம் சுற்றுத் தேநீர் வருவதற்குள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கண்ணியம் என்பது இவ்வளவு தனிமையான பொருள் என்று தீர்மானத்தில் எங்கும் குறிப்பு இல்லை.

வெள்ளிக்கிழமை சேதி வந்தது. கோனிபா ஒத்திவைப்பை மறுப்பாகவே எடுத்துக்கொண்டாராம். ஞாயிற்றுக்கிழமை அதே கோலாக் கூடை வேறொரு வீட்டுக்குப் போகிறதாம்.

“வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்க,” என்றாள் மனைவி நியெலே. “அதுக்கு முத்திரை வேற குத்தினீங்க.”

ஜெனெபா அழவில்லை. அதுதான் சூமானாவைப் பயமுறுத்தியது. “அப்பா, உங்க பேரு பெரிசா நான் பெரிசான்னு கேக்கமாட்டேன்,” என்றாள். “கேட்டா ஓட்டெடுப்புக்கு விட்டுடுவீங்க.”

சூமானா சுவரைச் சுற்றிக்கொண்டு ஃபாமோரி வீட்டுக்குப் போனார். எப்போதும் பாயில் இழுத்து உட்காரவைக்கும் மனுஷன் உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்தார். அதையும் துடைத்துப் போட்டார்.

“நீ போய் கோனிபாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும், ஃபாமோரி. அவர் அனுப்பின தூது நீதான், நீ கேட்டா தட்டமாட்டார்.”

“மச்சானுக்காகன்னா ஓடுவேன். ஐயாவுக்காகன்னா யோசிக்கணுமே.”

“நான் உன் மச்சான்தாண்டா.”

“ரத்துன்னு போட்டிருக்கே ஐயா. தினமும் படிக்கறேன். அழகான எழுத்து.” ஃபாமோரி நாற்காலி துடைத்த துணியை உதறி மடித்தார். “முப்பது வருஷம் உன் வாசல்ல நின்னு கத்தினேன். என்னைக்காவது உனக்கு வலிச்சிருந்தா அப்பவே சொல்லியிருக்கலாம். சுவத்துல ஒட்டி எனக்குச் சொல்லணுமா?”

சூமானாவுக்கு வலித்ததே இல்லை என்பதுதான் பதில். அதை வெறுங்கையோடு சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தீர்மானத்தை இரத்து செய்துவிட்டு வந்தால் முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு எழுந்தார்.

தீர்மானத்தை இரத்து செய்யவோ மாமன்றம் கூடியாக வேண்டும். மாமன்றமோ கடல் கடந்து பரவியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைதான் அபிஜானும் டக்காரும் பாரிஸும் ஒரே நேரத்தில் கைபேசியில் சிக்கின.

“இரத்து செய்யறதுக்கு முன்னாடி பயறுன்னா என்னன்னு வரையறுக்கணும்,” என்றது அபிஜான்.

“பயறுன்னு சொல்லவே கூடாதே. ‘மேற்படி புரதம்’னு சொல்லுங்க,” என்றது டக்கார்.

“துணைக்குழு போடலாம்,” என்றார் பாரிஸிலிருந்து லாஜி. “பெரியப்பா, உணர்ச்சிவசப்படாதீங்க. நம்ம பேரோட கண்ணியம் முக்கியம்.”

“என் பொண்ணு கல்யாணம்டா.”

“அதையும் துணைக்குழுவுக்கே அனுப்பலாம்.”

சூமானா கைபேசியை அணைக்கவில்லை, அணைக்கத் தோன்றவில்லை. அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினார். துணை இயக்குநர்கள் ஓடும் வழக்கமில்லை என்பதால் சந்தைக்கு வந்தவர்கள் வழிவிட்டுப் பார்த்தார்கள். துறையில் ஃபாமோரியின் படகு புறப்பட்டு, கரையிலிருந்து ஒரு கோல் தூரம் தள்ளி நின்றது. படகு நிறைய அக்கரை சனங்கள். பையில் மாமன்றம் மேற்படி புரதத்தில் தோல் அடங்குமா என்று விவாதித்துக்கொண்டிருந்தது.

குலிபாலி வம்சத்தின் சர்வதேசத் தலைவர், தம் பெயரின் பொருள் மாறாமல், படகில்லாமல் கரையில் நின்றார். பேசுவதற்கு நல்ல வாக்கியங்கள் நிறைய வைத்திருந்தார். எல்லாம் அலுவலக வாக்கியங்கள். அவற்றை விட்டுவிட்டார்.

“ஃபாமோரி, பசிக்குது. படகுல பயறு இருக்கா?”

ஃபாமோரி கோலை ஊன்றியபடி அவரையே பார்த்தார். அப்புறம் நிதானமாக மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“படகை வித்துத் தின்ன வம்சம். உன்னை ஏத்தினா என் படகையும் தின்னுடுவ. ஏறித் தொலை. காத்தடிக்கிற பக்கம் மட்டும் உக்காராத.”

சூமானாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “வழிய விடு, அடிமையே,” என்று சொல்லிக்கொண்டு அங்கியைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரில் இறங்கினார்.

அக்கரையில் கோனிபாவின் வாசலில் கூடை தயாராக இருந்தது. ஃபாமோரி சூமானாவைப் பிடரியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினார்.

“பெரியவரே, இது என் அடிமை. அன்னைக்கு நான் கூடையோட போனப்ப இவன் வாய் நிறையப் பயறு. ‘எடுத்து வைக்கிறோம்’னு சொல்ல வந்தான், ‘ஒத்திவைக்கிறோம்’னு விழுந்துடுச்சு. பயறுதின்னி பேச்சைக் கேட்டா நீங்க கோலாவைத் திருப்பி வாங்குவீங்க? இப்ப நான் கேக்கறேன். கூடையை மறுபடி என் தலையில வைங்க.”

கோனிபா தாடியைத் தடவினார். “வாய் நிறையப் பயறு இருந்ததுக்குச் சாட்சி?”

“இதோ காட்டறேன்,” என்று ஃபாமோரி அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஒரு சட்டி தட்டைப்பயறு வந்தது. தலைவர் உட்கார்ந்தார். ஊர் பார்க்க, கை வழித்து, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். தண்டனையாக நடக்க வேண்டிய இடத்தில் இரண்டாம் முறை கேட்டு வாங்கியது மட்டும் சற்று ஒழுங்கீனம். கோனிபா சிரித்துச் சிரித்து இருமி, கூடையைத் தாமே தூக்கி ஃபாமோரியின் தலையில் வைத்தார்.

கல்யாணத்தன்று லாஜி கைபேசியில் வந்தார். “என்ன பெரியப்பா, ஊர் முன்னாடி உங்களை அவமானப்படுத்தினாங்களாமே.”

“இருக்கட்டும். உன் பக்கத்து வீட்டுக்காரர் பேரென்ன?”

“...தெரியலை.”

“பத்து வருஷமா இருக்கியேடா. உன் பேராவது அவருக்குத் தெரியுமா?”

பதில் வருவதற்குள் ஃபாமோரி கைபேசியைப் பிடுங்கினார். “யாரு, பாரிஸ் பயறுதின்னியா? அங்கேயுமா தின்னு தீக்கற? ஜன்னலைத் திறந்து வைடா, ஊர் தாங்காது.”

இணைப்பு அறுந்துவிட்டது என்றுதான் ஃபாமோரி நினைத்தார்.

“இன்னொரு தடவ சொல்லுங்க,” என்றார் முனைவர், மெதுவாக.

மாமன்றத்தின் ஆண்டறிக்கை முத்திரையுடன் வெளிவந்துவிட்டது. தற்காலப் பரவல் பற்றிய பகுதியில் தலைவர் தம் கைப்பட ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்: ‘சேகுவில் நம் பெயர் நாள்தோறும் தெருவில் இழிவுபடுத்தப்படுகிறது. பாரிஸில் மட்டுமே அதன் கண்ணியம் முழுமையாகக் காக்கப்பட்டு வருகிறது. அங்கே அதை யாரும் கூப்பிடுவதில்லை.’