டப்ளினில் கிழக்கே சூலம்

சென்னையில் கொசுவுக்கு அடுத்தபடியாகப் பெருகிவரும் ஓர் உயிரினத்தை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். பெயர், கடல்கடந்த சுற்றுலா அனுமதி அதிகாரி. இவருக்கு அலுவலகம் கிடையாது, முத்திரை கிடையாது, சம்பளமும் கிடையாது. பெற்ற பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போனால் போதும், பதவி தானாக வந்து மடியில் விழும். மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் தெருவுக்கு நால்வர், அடையாறில் மாடிக்கு ஒருவர், தி. நகர்க் கூட்டத்தில் என்னால் எண்ண முடியவில்லை.

அடையாளம் வேண்டுமா? வரவேற்பறையில் இரண்டு கடிகாரங்கள் தொங்கும். ஒன்று நம் நேரம், மற்றது பிள்ளையின் நேரம். நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடையின்போது, சட்டை முதுகோடு ஒட்டி வியர்வை சொட்டிக்கொண்டிருக்க, "இன்னிக்கு ஆறு டிகிரி சார், மழை வேற" என்று உங்கள் எதிரில் நின்று கைகளைத் தேய்த்துக்கொள்வார். அந்த ஊரில் எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் நிற்கும் என்பது அங்கேயே பிறந்தவர்களைவிட இவருக்கு அத்துப்படி. தன் வீட்டு வாசலில் நிற்கும் பேருந்து எங்கே போகிறது என்று கேட்டுவிடாதீர்கள். தெரியாது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஐந்து நாள் நூலகத்தில் முதுகு வளைந்த வெளிநாட்டு மாணவர்களை ஆறாம் நாள் காலையில் பேருந்தில் ஏற்றி, ஒரு கடலையோ ஏரியையோ கூரை போன கோட்டையையோ காட்டி, இருட்டுவதற்குள் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். அதற்கென்றே ஆள் போட்டிருக்கிறார்கள். பிள்ளை அந்தப் பேருந்தில் ஏறலாமா கூடாதா என்பதை ஆறாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தீர்மானிப்பவர்தான் நம் அதிகாரி.

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். திரு. பாலகணேஷ், மந்தைவெளி, என் எதிர்வீட்டுக்காரர். தி. நகரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவி விசாலாக்ஷி. மகன் அஸ்வத் மெல்போர்னில் படிக்கிறான், மகள் தாரணி டப்ளினில் படிக்கிறாள். வீட்டில் கடிகாரம் இரண்டுதான் என்று சொன்னேன் அல்லவா? ஒன்று மந்தைவெளி, ஒன்று டப்ளின். மெல்போர்னுக்குக் கடிகாரம் இல்லை. அந்த இடத்தில் ஆணிகூட அடிக்கப்படவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரங்களுக்கு நடுவே, பாண்டி பஜார் ஜவுளிக்கடை ஒன்று இலவசமாகக் கொடுத்த தினசரி காலண்டர். ராகு காலம், எமகண்டம், கரிநாள், சூலம் எல்லாம் அதில் உண்டு. சூலம் என்றால், இன்ன கிழமையில் இன்ன திசையில் பயணம் ஆகாது என்பது. சனி, திங்கள் கிழக்கே ஆகாது. ஞாயிறு, வெள்ளி மேற்கே ஆகாது. இப்படியே மற்றதும்.

இதை டப்ளினில் எப்படிக் கடைப்பிடிப்பது? சாதாரண ஆள் திகைத்துப் போவான். பாலகணேஷ் திகைக்கவில்லை. ராகு காலம் என்பது பகலின் எட்டில் ஒரு பங்கு. அங்கே மே மாதப் பகல் பதினாறு மணி நேரம். ஆகவே ராகுவுக்கு இரண்டு மணி நேரம், நம் ஊரைவிட அரை மணி ஓவர்டைம். டிசம்பரில் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. குளிருக்குப் பயந்து ராகுவும் சீக்கிரம் வீடு திரும்பிவிடுகிறார். இதையெல்லாம் மாதவாரியாக அட்டவணை போட்டு மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்த மனிதர் அவர். கணிதத்துக்கு இதைவிட ஓர் அவமானம் நேர முடியுமா?

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஹௌத் என்ற கடற்கரைக் கிராமத்துக்கு ஒருநாள் சுற்றுலா. அரை மணி நேரத் தொலைவுதான். ஆனால் கிழக்கே. சூலம். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்கே கால்வே நகரம். சூலம். பிப்ரவரியில் தெற்கே ஓர் ஏரி. சூலம் இல்லை, ராகுவும் இல்லை, மூச்சு விடுவதற்குள் கரிநாள் என்று கண்டுபிடித்தார்.

"நான் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலம்மா. காலண்டர் சொல்லுது."

இது இந்த இனத்தின் கூவல். தூரத்திலிருந்தே கேட்டு அடையாளம் கண்டுகொள்ளலாம். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது இவர்களின் இன்னொரு குணம். ஆகவே அந்தப் பக்கம் மகள் அழுததும் எதிர்வீடு வரை கேட்டது.

எங்கள் குடியிருப்பின் வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் கபாலி. ஒருநாள் பாலகணேஷ் இந்தச் சூல சாஸ்திரத்தை அவரிடமும் விளக்கினார். கபாலி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"சார், தி. நகரு நமக்கு மேக்கதானே கீது?"

"ஆமா."

"முப்பது வருசமா வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை மேக்கதானே போய்க்கினு இருந்தே? உனுக்கு இன்னா, குத்தலையா?"

"அது ஆபீஸ்ப்பா. கடமை."

"பாப்பா பஸ் ஏறசொல்லோ மட்டும் குத்துமா? நல்லா ஆள் பாத்து குத்துது சார் அது."

பாலகணேஷ் சட்டைகளை எண்ணாமலே வாங்கிக்கொண்டு மாடி ஏறிவிட்டார்.

மே மாதம் வந்தது. அந்த ஆண்டின் கடைசிச் சுற்றுலா அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஆய்வறிக்கை, வேலை தேடல் என்று தாரணிக்கு மூச்சு விட நேரமிருக்காது. மறுபடியும் கால்வே, ஆனால் இந்தத் தடவை சனிக்கிழமை. காலை எட்டு மணிக்குப் பேருந்து. மாலையே திரும்பலாம், அல்லது இரவு அங்குள்ள விடுதியில் தங்கி ஞாயிறு மாலை திரும்பலாம். தங்குகிறவர்களை ஞாயிறு காலை படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலுக்குள் ஒரு தீவுக்குக் கூட்டிப் போவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை மாலை போன் வந்தது.

"அப்பா, சனிக்கிழமை மேற்கே போறோம். சூலம் இருக்கா?"

தாள் புரளும் சத்தம். "இல்லம்மா. சனிக்கு கிழக்குதான்."

"பஸ் எட்டு மணிக்கு. ராகு காலம் ஒம்பது இருபதுக்குதான் ஆரம்பம். உங்க டேபிள்ல பாத்தேன்."

"பாத்தியா!" பாலகணேஷின் குரல் பூரித்தது. தன் அட்டவணையை ஒரு ஜீவன் படித்திருக்கிறது! "இப்படித்தான் பொறுப்பா இருக்கணும். சரி, போயிட்டு ராத்திரிக்குள்ள வந்துரு."

"அது எப்படிப்பா? கால்வேயிலேருந்து டப்ளின் கிழக்கே இல்ல இருக்கு? சனிக்கிழமை கிழக்கே சூலமாச்சே."

எதிர்வீட்டில் மறுபடியும் தாள் புரண்டது.

யோசித்துப் பாருங்கள். சனிக்கிழமை கிழக்கே போகிறவர் போகும்போது மாட்டுவார். மேற்கே போகிறவர் திரும்பும்போது மாட்டுவார். காலண்டரை நேர்மையாகக் கடைப்பிடித்தால் சனிக்கிழமையில் கிழக்கேயோ மேற்கேயோ ஒருநாள் சுற்றுலாவே சாத்தியமில்லை. தங்கித்தான் ஆக வேண்டும். இத்தனை ஆண்டு நானும் எவ்வளவோ புத்தகங்களை மேற்கோள் காட்டி அசைக்க முடியாத மனிதரை, அவருடைய காலண்டரை வைத்தே ஒரு பெண் மூலையில் நிறுத்திவிட்டாள்.

"அதனால அங்கயே தங்கிட்டு ஞாயித்துக்கிழமை வரேன். ஞாயிறு மேற்கேதானே ஆகாது? கிழக்கே தாராளமா வரலாம். நான் சொல்லலப்பா, காலண்டர் சொல்லுது."

"தங்கறதா? யாரு யாரு?"

"ஜோயா வரா. இன்னும் நாப்பது பேர்." ஜோயா, ராயப்பேட்டைப் பெண், தாரணியின் அறைத்தோழி.

"ஜோயாவை அவங்க வீட்ல விடறாங்களா?"

"அவங்க அப்பாவும் இதேதான் கேட்டார். தாரணியை அவங்க வீட்ல விடறாங்களான்னு."

பாலகணேஷ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலண்டரின் அடியில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார். குரலில் உயிர் வந்தது. "இங்க பாரு, பரிகாரம் போட்டிருக்கான். கிழக்கே சூலத்துக்கு தயிர். ஒரு ஸ்பூன் தயிர் சாப்பிட்டுட்டு சனிக்கிழமை ராத்திரியே கெளம்பி வந்துரு. ஒண்ணும் ஆகாது."

அதுவரை கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த விசாலாக்ஷி முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அது எப்பலேருந்து அங்க இருக்கு?"

"எது?"

"அந்தத் தயிர்."

"எப்பவும்தான் போட்டிருப்பான். ஏன்?"

"அக்டோபர்ல ஹௌத்துக்கு போறேன்னு அழுதாளே, அதுவும் சனிக்கிழமை, அதுவும் கிழக்கேதான். அன்னிக்கு அந்த ஊர்ல தயிர் கிடைக்கலையா?"

விசாலாக்ஷி அடுத்த கத்தரிக்காயை எடுத்தார்.

"அஸ்வத் போன ஞாயித்துக்கிழமை மெல்போர்ன்லேருந்து மேற்கே போனான். பிரெண்டோட கார்ல, ரெண்டு நாள். நீங்க என்ன அனுப்பினீங்க? எடுத்துப் படிங்க."

அனுப்பியிருந்தது ஒரு கட்டைவிரல். பக்கத்தில் 'என்ஜாய்' என்று ஒரு சொல்.

"அவன் பையன், விசாலம்."

"சூலத்துக்கு அது தெரியுமா?"

பிறகு விசாலாக்ஷி சொன்னது கொஞ்சம் மெதுவாக இருந்தது. நான் கதவருகே போக வேண்டியதாயிற்று. "காலேஜ்ல எங்க கிளாஸ் முழுக்க முட்டுக்காட்டுக்கு போட்டிங் போச்சு. காலைல போயிட்டு சாயங்காலம் வர்ற டூர். எங்கப்பா அஷ்டமின்னார். அந்த பஸ் எங்க தெரு வழியாத்தான் போச்சுங்க. எல்லாரும் கையாட்டினாளுக. நான் கொடியில துணி காயப் போட்டுட்டு இருந்தேன்." மறுபடியும் பழைய குரலில்: "தாரணி, பேரைக் குடுடி. ரெண்டு நாளைக்கு. ஸ்வெட்டர் எடுத்துக்கோ."

"நான் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலையே" என்றார் பாலகணேஷ்.

ஞாயிறு மதியம் ஒரு படம் வந்தது. படகின் முனையில் தாரணி. முகம் முழுக்க முடி, முடி முழுக்கக் காற்று, பின்னால் கரையே இல்லாத சாம்பல் நிறத் தண்ணீர். அதிகாரி படத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார்.

"படகு எந்தத் திசையில போகுது? இன்னிக்கு மேற்கே..."

"தென்மேற்கு" என்றார் விசாலாக்ஷி, எட்டிக்கூடப் பார்க்காமல். "அதுக்கு உங்க காலண்டர்ல எடமே இல்ல."

திங்கள் காலை பூங்காவில் அவரைப் பார்த்தேன். ஐந்து பேரை நிறுத்தி வைத்துப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "அட்லாண்டிக் சார்! நான்தான் சொன்னேன், ஒரே நாள்ல அலையாதே, தங்கிப் பாத்துட்டு வான்னு. பொண்ணுங்களுக்கு நாமதானே தைரியம் குடுக்கணும்?"

இந்த இடத்தில் நீங்கள் சிரித்தீர்கள். தெரியும். நீங்கள் படித்தவர், சூலமும் ராகுவும் உங்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. நீங்கள் பார்ப்பதெல்லாம் வானிலை அறிக்கை, லைவ் லொக்கேஷன், 'அந்த ஏரியா பாதுகாப்பானதா' என்று கூகுள். எல்லாம் அறிவியல்பூர்வம். ஆகவே உங்களிடம் ஒரே ஓர் அறிவியல் சோதனை. போனைத் திறந்து, மகன் ஊர் சுற்றப் போனபோது அனுப்பிய செய்தியையும், மகள் போனபோது அனுப்பிய செய்திகளையும் அடுத்தடுத்துப் படியுங்கள். வாய்விட்டு, வீட்டுப் பெண்கள் பக்கத்தில் இருக்கும்போது படியுங்கள். அவனுக்கு ஒரு கட்டைவிரலும் அவளுக்குப் பதினேழு கேள்விகளும் என்று இருந்தால், வாழ்த்துகள், பதவியில் இருக்கிறீர்கள்.

வரும் சனிக்கிழமைக்குள் தயிர் வாங்கி வையுங்கள்.